காகமும் பனம்பழமும்

எமது கல்லூரியின் ஜூபிலி ஆண்டுத் தொடக்க விழா நிறைவெய்திய மாலையிற் பழைய மாணவர் சிலர் மேல்மாடி விறாந்தையிற் கூடியிருந்தோம். அத்தகைய கூட்டங்களிற் பேசப்படாத பொருளில்லை. முடிவு காணப்பட்ட பொருளும் பெரும்பாலும் இல்லை. நெடுங்காலம் அமெரிக்காவில் வாழ்ந்து, விழாவுக்கென ஊர் திரும்பியிருந்த அன்பர் ஒருவர், அங்கே தேர்தல் நெருங்கும்போது பெற்றோல் விலை இறங்குவது வழக்கமென்றும், அஃது ஆள்வோரின் கைவேலையே என்றும் அடித்துக் கூறினார். சூழ இருந்தோருட் பலர் தலையசைத்தனர். "இங்கே மட்டும் என்னவாம்?" என்றார் ஒருவர்.

விறாந்தையின் கோடியில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த எமது முதிய ஆசிரியர், "தம்பி, அது காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை" என்றார். அன்பர் விட்டாரில்லை. "ஒவ்வொரு முறையும் அதே காகம் வந்திருக்க, ஒவ்வொரு முறையும் பழம் விழுந்தால் என்ன சொல்லுவீங்கள், சேர்?" என்று கேட்டார். ஆசிரியர் கோப்பையைக் கீழே வைத்து, "எத்தனை தரம் இருந்தது, எத்தனை தரம் விழுந்தது என்று எண்ணிப் பார்த்தனீரோ?" என்றார். அவ்வளவில் இராப்போசனத்துக்கு மணி அடித்துவிட்டது. வாதம் அந்தரத்தில் நின்றது.

மலர்க் குழுவினர் எம்மிடம் ஒரு கட்டுரை வேண்டியபோது, அன்று எண்ணாமல் விட்டதை இன்று எண்ணிப் பார்ப்போமென்று துணிந்தோம்.

அன்பர் தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டியது 2006ஆம் ஆண்டு. முதலில் அவ்வாண்டு நிகழ்ந்ததைக் கூறுவோம். அமெரிக்கர் பெற்றோலைக் 'காஸ்' என்றே சொல்வர். எமது இல்லத்தரசியார் அடுப்பெரிக்கும் காஸ் அன்று அது. அவர்கள் அதனைக் கலன் கணக்கில் வாங்குவர். அவர்களுடைய கலன் ஏறக்குறைய 3.8 லீற்றர், எம் முன்னோர் இங்கே கையாண்ட ஆங்கிலக் கலனிலும் சிறியது. 2006 ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் ஒரு கலன் 3 டொலருக்குச் சற்று மேலாக விற்றது. நவம்பர் 7ஆந் திகதி அந்நாட்டுக் காங்கிரஸ் சபைகளுக்குத் தேர்தல். அந்த வாரத்தில் அதே கலன் 2 டொலர் 20 சதம். மூன்று மாதத்துள் விலையின் நான்கிலொரு பங்குக்கு மேல் மறைந்துவிட்டது. செப்டெம்பரிற் கலப் நிறுவனத்தார் மக்களிடம் கருத்துக் கேட்டபோது, புஷ் அரசு தேர்தலை முன்னிட்டு வேண்டுமென்றே விலையை இறக்குகின்றது என நம்புவதாக நூற்றுக்கு 42 பேர் விடையிறுத்தனர்.

கல்வியறிவு மிக்க ஒரு நாட்டில் ஐவரில் இருவர் கொண்ட ஐயத்தைப் பேதைமை என்று தள்ளிவிடல் தகாது. அவ்வையத்துக்கு வித்தாகக் கூடியவை பல இருந்தன. சனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் தம் இளமையில் ரெக்சஸ் மாநிலத்தில் எண்ணெய் வாணிபம் நடத்தியவர். உப சனாதிபதி டிக் செய்னி, எண்ணெய்க் கிணறுகளுக்கு வேலை செய்யும் ஹலிபேர்ட்டன் நிறுவனத்தின் தலைவராயிருந்தவர். அவ்வாண்டு யூலையிலே திறைசேரிக்குப் பொறுப்பேற்ற ஹென்றி போல்சன், அதற்குச் சற்று முன்வரை கோல்ட்மன் சாக்ஸ் என்னும் பெரு நிதி நிறுவனத்தின் தலைவர். அடுத்த மாதமே அந்நிறுவனம், தான் வெளியிடும் பண்டச் சுட்டெண்ணிற் பெற்றோலுக்கு இருந்த பங்கினைப் பெரிதுங் குறைத்தது. அச்சுட்டெண்ணைப் பின்பற்றிப் பணம் முதலிட்டோர் பெற்றோல் முன்விலை ஒப்பந்தங்களை விற்றுத் தீர்க்க நேர்ந்தது; விலை அழுங்கிற்று. இவையனைத்தையும் ஒரே மாலையிற் கோத்துப் பார்ப்பவனுக்கு மாலை அழகாகவே தோன்றும். நாமும் அன்றிருந்தால் அந்த 42 பேருள் ஒருவராய் இருந்திருப்போமோ என எண்ணிப் பார்க்கின்றோம். இல்லையெனத் துணிந்து கூற இயலவில்லை.

ஆயின் மாலையில் நூல் உண்டா? சுட்டெண் மாற்றத்துக்குக் காரணமாயிருந்தது நியூ யோர்க் சந்தையிற் பழைய வகைப் பெற்றோல் ஒப்பந்தம் மறைந்து புதியது இடம் பெற்றமை. அன்றியும் இறங்கியது பெற்றோல் மட்டுமன்று. மண்ணெடுத்தபடி இருக்கும் மசகெண்ணெயே யூலை நடுவிற் பீப்பாய் 77 டொலரைத் தொட்டு, செப்டெம்பர் முடிவில் 60 டொலர் அளவுக்கு வந்துவிட்டது. நியூ யோர்க்கில் மட்டுமன்றி இலண்டன் சந்தையிலும் அவ்வாறே. வெள்ளை மாளிகையில் இருந்துகொண்டு அமெரிக்க வாக்காளனுக்காக உலகம் முழுவதற்கும் விலை குறைத்தனர் என்றால் அது பெருந் தருமமாகவன்றோ முடியும்!

மசகெண்ணெய் இறங்கியதன் காரணங்கள் மறைவிடத்தில் இருந்தனவல்ல. யூலையில் இஸ்ரேலுக்கும் லெபனானின் ஹிஸ்புல்லாவுக்குமிடையே மூண்ட போர் ஓகஸ்ட் 14ஆந் திகதி ஓய்ந்தது. 2005இல் கத்ரினா, றீற்றா என்னும் இரு சூறாவளிகள் மெக்சிக்கோ வளைகுடாவின் எண்ணெய்க் கிணறுகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் சிதைத்துச் சென்றிருந்தன. 2006இலும் அத்தகைய புயல் வருமென்ற அச்சம் கோடை முழுவதும் விலையில் ஏறியிருந்தது. புயல் வரவில்லை. அச்சத்துக்காகக் கொடுத்த விலை திரும்பி இறங்கியது. இன்னும், அவ்வாண்டு வசந்தத்திற் பெற்றோலில் அதுகாறும் சேர்த்துவந்த ஓர் இரசாயனப் பொருளைக் கைவிட்டு எதனோலுக்கு மாறியதால் நேர்ந்த தட்டுப்பாடும் அப்போது நீங்கியிருந்தது.

இவை ஒருபுறமிருக்க, எம்மை மிகவும் சிந்திக்க வைத்த காரணம் வேறொன்று. அது மிக எளியது. அமெரிக்கர் கோடையிலே நெடுந்தூரம் காரோட்டுவர். செப்டெம்பர் முதல் வாரத்தோடு பள்ளிகள் திறந்துவிட, அவ்வோட்டம் தணிகின்றது. கோடை வெயிலில் ஆவியாகி வளியைக் கெடுக்காதிருக்கும்பொருட்டு அங்கே கோடைப் பெற்றோலைத் தனி முறையிற் செலவு செய்து ஆக்குதல் வேண்டுமென்பது சட்டம். அக்கட்டுப்பாடு செப்டெம்பர் 15ஆந் திகதியுடன் பெரும்பாலான இடங்களில் முடிவுறும். பின்னர் விலை மலிந்த பியூற்றேன் முதலியவற்றைக் கூடுதலாகக் கலக்கலாம். ஆகவே பெரும்பாலான ஆண்டுகளில் ஓகஸ்டுக்கும் நவம்பருக்கும் இடையே அங்கே பெற்றோல் விலை இறங்குகின்றது. 2003இல் இறங்கியது, 2005இல், 2013இல், 2015இல் இறங்கியது. இவற்றுள் ஒன்றேனும் காங்கிரஸ் தேர்தல் ஆண்டன்று. அந்நாட்டுத் தேர்தலோ ஈராண்டுக்கொருமுறை நவம்பர் முதற் பகுதியிலே வருமென்பது பழைய ஏற்பாடு. வடபுலத்துப் பிள்ளைகளுக்கு இதனை விளக்கத் தேவையில்லை: ஆவணி புரட்டாசியிற் பனம்பழம் ஆண்டுதோறும் விழும், காகம் ஈராண்டுக்கொருமுறை வந்து இருக்கின்றது. காகத்தை நோக்கியிருப்பவன், காகம் வராத ஆண்டில் விழுந்த பழத்தைக் காண்பதில்லை.

இனித் தேர்தலின் பின் நிகழ்ந்ததைக் காண்போம். விலை வித்தையானால், வாக்குச் சீட்டு எண்ணி முடிந்ததும் வித்தைக்காரன் பையைக் கட்டியிருத்தல் வேண்டும். டிசம்பரில் விலை சில சதம் ஏறியது உண்மை. "பார்த்தீர்களா" என்று பலர் கூறியுமிருப்பர். ஆயின் 2007 சனவரியில் மசகெண்ணெய் 50 டொலர் அளவுக்கு வீழ்ந்தது. அம்மாத முடிவிற் பெற்றோல் தேர்தல் வாரத்து விலையிலும் கீழே நின்றது. அப்போது மயக்குவதற்கு வாக்காளர் எவருமிலர். புஷ்ஷின் குடியரசுக் கட்சியோ நவம்பரிலேயே இரு சபைகளையும் இழந்திருந்தது. பின்னர் மே மாதத்தில் ஒரு கலன் 3 டொலர் 20 சதத்தை எட்டியது. அதற்குச் சதி கற்பித்தவர்கள் வேறு சதியைத் தேட வேண்டியதாயிற்று.

ஆசிரியர் எண்ணச் சொன்னார். எனவே வேறு சில ஆண்டுகளையும் தொட்டுச் செல்வோம். 2004 வசந்தத்திற் பத்திரிகையாளர் பொப் வூட்வேட், தேர்தலுக்கு முன் எண்ணெய் விலை தணிய வழிசெய்வதாகச் சவூதி இளவரசர் பந்தர் சனாதிபதிக்கு வாக்களித்திருந்தார் என்று வெளியிட்டார். பெரும் பரபரப்பு உண்டாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் மசகெண்ணெய் 55 டொலரைத் தாண்டி, அதுவரை கண்டிராத உயரத்தில் நின்றது. ஆயினும் புஷ் வென்றார். 2008 யூலையிற் கலன் 4 டொலர் 11 சதம். நவம்பர்த் தேர்தல் வாரத்தில் 2 டொலர் 40 சதம். இத்தகைய வீழ்ச்சியை எந்தச் சதிகாரனும் கனவிலுங் கண்டிரான். அது நிதிச் சந்தைகள் நொறுங்கியதன் விளைவு. ஆளுங் கட்சி தோற்றது. 2014இல் மீண்டும் விலை இறங்கியது. ஆட்சியிலிருந்த ஒபாமாவின் கட்சி செனற் சபையை இழந்தது. விலை ஏறியபோது வென்றவரும் உளர். இறங்கியபோது தோற்றவரும் உளர். பெற்றோல் விலையால் வாக்கினை வாங்கலாமென்று நம்பும் அரசியல்வாதி ஒருவர் இருப்பாராயின், அவர் இந்நிரலைக் கண்டு மனம் நோவார்.

இவ்வளவுங் கூறியதால் ஆள்வோர் கையே இல்லையென்று நாம் சாதிப்பதாக எவரும் கொள்ளற்க. மரத்தின்மேல் ஆள் ஏறியதும் உண்டு. 1971இல் சனாதிபதி நிக்சன் விதித்த விலைக் கட்டுப்பாட்டின் வழிவந்த எண்ணெய்க் கட்டுப்பாடுகள் 1981 சனவரியில் றேகன் அவற்றை நீக்கும்வரை ஏதோவொரு வடிவில் நிலவின. அப்பத்தாண்டில் விலையை அரசே ஆண்டது. விளைவாக மக்கள் நீண்ட வரிசைகளில் நின்றனர். அதன்பின் ஆள்வோருக்கு எஞ்சிய பெருங் கருவி ஒன்று: 1975இற் சட்டமாக்கப்பட்டு, ரெக்சஸ், லூசியானா மாநிலங்களின் உப்புக் குகைகளிற் சேமிக்கப்பட்டுவரும் எண்ணெய்க் காப்பிருப்பு. போர், தடை முதலிய ஆபத்துக் காலத்துக்கென்று வைத்த நிலவறை அது. 2000 செப்டெம்பர் 21ஆந் திகதி, சனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட உப சனாதிபதி அல் கோர், அதனைத் திறக்க வேண்டுமென்றார். மறுநாளே சனாதிபதி கிளின்ரன் 3 கோடி பீப்பாய் எண்ணெயை விடுவிக்கும்படி பணித்தார். எதிர்த்து நின்ற புஷ் இதனை அரசியல் என்று கண்டித்தார். அவர் கூற்றில் உண்மையில்லை என்று நாம் கூறமாட்டோம். தேர்தலுக்கு ஏழு வாரம் இருக்கையில், வேட்பாளர் கேட்ட மறுநாள் கதவு திறந்தால், அங்கே காகம் மட்டும் இருக்கவில்லை.

2022இல் நிகழ்ந்தது இதனினும் பெரிது. ரஷியா உக்கிரேன்மீது படையெடுத்ததை அடுத்து விலை உயர, மார்ச் முடிவில் சனாதிபதி பைடன் நாளொன்றுக்கு 10 இலட்சம் பீப்பாயாக ஆறு மாதத்தில் 18 கோடி பீப்பாய் விடுவிக்கப் பணித்தார். ஆறு மாதத்தை எண்ணிப் பார்ப்பவர்க்கு அது தேர்தலுக்கு முந்திய இலையுதிர் காலம்வரை செல்லுமென்பது விளங்கும். யூன் நடுவிற் கலன் 5 டொலர். நவம்பர்த் தேர்தலின்போது 3 டொலர் 80 சதமளவு. இந்த 1 டொலர் 20 சத இறக்கத்தில் அரசின் கைக்கு உரியது எவ்வளவு? அமெரிக்கத் திறைசேரி தானே செய்த கணிப்பின்படி, நட்பு நாடுகள் விடுவித்ததையும் சேர்த்து, 17 முதல் 42 சதம் வரை. தன் செயலைத் தானே மதிப்பிட்டவர் குறைத்துச் சொல்லியிருக்க மாட்டாரென்று கொண்டால், மீதி உலகச் சந்தையின் செயல். ஒக்டோபர் 5ஆந் திகதி ஒபெக் நாடுகளும் அவற்றோடிணைந்த நாடுகளும் உற்பத்தியை நாளொன்றுக்கு 20 இலட்சம் பீப்பாயாற் குறைக்கத் தீர்மானித்தன. அத்தீர்மானத்தை ஒரு மாதம் தள்ளிப்போடும்படி அமெரிக்கா கேட்டதென்று சவூதி அரசு பின்னர் வெளிப்படையாக அறிவித்தது. ஒரு மாதம் தள்ளிப்போட்டால் தேர்தல் முடிந்துவிடும். அமெரிக்க அரசு, அக்குறைப்புக்குச் சந்தையிற் காரணமில்லை என்றே தான் எடுத்துரைத்ததாகப் பதிலிறுத்தது. யார் சொல் மெய்யென்று வாசகர் துணிக. எமக்குப் புலப்படுவது, உலகின் வலிமை மிக்க அரசு தன் நாட்டுப் பெற்றோல் விலைக்காகப் பிறர் வாயிலில் நின்று தவணை கேட்க நேர்ந்ததென்பதே. விலையை ஆள்பவர் தவணை கேளார்.

அங்ஙனமாயின், அமெரிக்க அரசியலின் உண்மையான கை அந்நாட்டுப் பெற்றோலில் எங்கே கிடக்கின்றது? விழும் விலையில் அதனைத் தேடுவோர் இடம் மாறித் தேடுகின்றனர் என்பது எமது கருத்து. அது அசையாத விலையிற் கிடக்கின்றது. நடுவண் அரசு ஒவ்வொரு கலனுக்கும் விதிக்கும் தீர்வை 18.4 சதம். இது 1993இல் நிர்ணயிக்கப்பட்டது. முப்பதாண்டுகளுக்கு மேலாகியும், கிளின்ரன் முதல் ஆண்ட எந்தக் கட்சியும் அதனை ஒரு சதமேனும் உயர்த்தத் துணியவில்லை. பணத்தின் பெறுமதி அதனிடையே பாதிக்குமேல் தேய்ந்தது. நெடுஞ்சாலைகளையும் பாலங்களையும் பேணவே அத்தீர்வை ஏற்பட்டது. அது போதாமற் போகவே 2008 முதல் பொதுப் பணத்திலிருந்து எடுத்து அந்நிதிக்குப் பலமுறை ஊட்டி வருகின்றனர். இதற்கு எதிராக எவரும் கருத்துக் கேட்கப் புறப்படவில்லை. நூற்றுக்கு 42 பேர் ஐயங் கொள்ளவுமில்லை. தெருவோரத்திற் பேரெழுத்தில் எழுதி உயர்த்தி வைத்த விலைப் பலகை மட்டும் எல்லார் கண்ணிலும் படுகின்றது. வேறெந்தப் பண்டத்தின் விலையும் காரோட்டிச் செல்பவனுக்கு நாளும் பத்துமுறை நினைவூட்டப்படுவதில்லை. அரிசிக்கோ பாணுக்கோ அத்தகைய பலகை இருந்தால் உலக வரலாறு வேறாக இருந்திருக்கும்.

அரிசி என்றவுடன் எமது நாட்டு நினைவு வருவது இயல்பு. 1953இல் பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால். ஒக்டோபரிற் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அன்று கற்ற பாடத்தை எம்மை ஆண்டோர் மறந்தாரல்லர்; விலையை உயர்த்தாமலிருப்பதே ஆட்சிக் கலை என்று கற்றுக்கொண்டனர். பெற்றோலையும் அரசே விற்கும் நிலை 1961இல் வந்தது. அவ்வாண்டு நிறுவப்பட்ட பெற்றோலியக் கூட்டுத்தாபனம், அதுவரை வாணிபஞ் செய்த அந்நியக் கொம்பனிகளின் சொத்துகளைப் பொறுப்பேற்றது. நட்டஈடு பற்றிய பிணக்கினால் 1963 பெப்ரவரியில் அமெரிக்கா எமக்களித்த உதவியை நிறுத்தியது. எமது தெருவோரப் பெற்றோற் குழாயின் பொருட்டு வாஷிங்டனில் அரசியல் நடந்த காலமும் ஒன்றிருந்தது!

விலையை அரசே இடும் நாட்டில், விலைக்கும் அரசியலுக்கும் தொடர்புண்டா என்ற வினாவே வேண்டியதில்லை. "இங்கே மட்டும் என்னவாம்?" என்று கேட்ட நண்பருக்கு எமது விடை அதுவே. ஆயினும் இங்கேயும் நாம் ஐயங்கொள்ளும் வேளை தவறிவிடுகின்றது. 2014 யூனிற் பீப்பாய் 110 டொலருக்கு மேலிருந்த மசகெண்ணெய் 2015 சனவரியில் 50 டொலருக்குக் கீழ் வந்தது. அம்மாதம் பதவியேற்ற புதிய அரசு, இரு வாரத்துக்குள் 92 ஒக்ரேன் பெற்றோலை லீற்றர் 117 ரூபாவாக இறக்கியது. ஓகஸ்டிற் பொதுத் தேர்தல் வரவிருந்ததை மறந்தவர் இலர். அப்போது விறாந்தைகளிலெல்லாம் இதே வாதம் நடந்தது. பின்னரோ அந்த 117 ரூபா 2018 மே மாதம்வரை, ஏறக்குறைய நாற்பது மாதம், அப்படியே நின்றது. அதனிடையே மசகெண்ணெய் 30 டொலருக்குக் கீழே போய், மீண்டு 70 டொலரைக் கடந்தது. ரூபாவின் பெறுமதியும் தேய்ந்தது. மலிந்தபோது மிகுந்த பணம் எங்கே சென்றது, ஏறியபோது குறைந்த பணம் எவர் தலையில் ஏறியது என்று அந்த நாற்பது மாதத்தில் எம்முள் எத்தனை பேர் கேட்டோம்? நாம் கேட்கவில்லை. விலை மாறாதிருந்ததால் அதனைக் கவனிக்கவேயில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

2018இற் கொண்டுவந்த விலைச் சூத்திரம் நெடுநாள் நிலைக்கவில்லை. 2022இல் டொலர் தீர்ந்தபோது, யூன் மாத முடிவில் அதே லீற்றர் 470 ரூபா. அந்த விலைக்கும் கிடையாமல் இரவு பகலாக வரிசையிற் காத்திருந்ததை எம் மாணவச் செல்வங்கள் தம் கண்ணாற் கண்டவர்களே. தந்தைமாருக்குப் பதிலாக அவர்களே வரிசையில் இடம் பிடித்து நின்றதும் உண்டு. அந்த வரிசைகளின் நீளத்துக்குக் காரணங்கள் பல; அவற்றுள் ஒன்று, விலை அசையாதிருந்த ஆண்டுகளில் ஓசையின்றிச் சேர்ந்த கடன்.

விலை மாதந்தோறும் திருத்தப்பட்டு வந்த காலத்தில், 2024 செப்டெம்பர் 21ஆந் திகதி சனாதிபதித் தேர்தல் நடந்தது. அதற்கு முன், ஓகஸ்ட் முடிவில், 12 ரூபா இறங்கி 332 ஆயிற்று. "தேர்தல் விலை" என்றனர் பலர். தேர்தலில் ஆட்சி மாறியது. செப்டெம்பர் முடிவில் மேலும் 21 ரூபா இறங்கி 311 ஆயிற்று. "புதிய ஆட்சியின் பரிசு" என்றனர் வேறு பலர். இரு சாராரும் பார்க்காத செய்தி ஒன்று பத்திரிகையின் உட்பக்கத்தில் இருந்தது: அம்மாதம் இலண்டன் சந்தையில் மசகெண்ணெய் 70 டொலருக்குக் கீழ் வந்திருந்தது.

அன்பருக்கு இந்நிரலை எழுதி அனுப்பினோம். 2006 பற்றித் தாம் பிழைத்ததை ஒப்புக்கொண்டு, 2022 பற்றி விட்டுக்கொடாமல் மறுமொழி எழுதியுள்ளார். அதில் எமக்கு மனக்குறையில்லை. ஆசிரியருக்கும் ஒரு பிரதி கொடுத்தோம். 2012 ஏன் விடுபட்டது என்று கேட்டார். அவ்வாண்டு தேர்தலுக்கு முன் விலை இறங்கியது. ஆட்சியிலிருந்த ஒபாமா வென்றார். எமது வாதத்துக்கு உதவாதென்று அறிந்தோ அறியாமலோ விட்டுவிட்டோம் போலும். இப்போது சேர்த்துக்கொண்டோம்.

எமது கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். நூல்நிலையச் சுவரில் ஐந்து நிரல் கொண்ட ஓர் அட்டவணை தொங்கட்டும்: இலண்டன் சந்தையில் மசகெண்ணெய் விலை, டொலரின் ரூபாப் பெறுமதி, அரசின் தீர்வை, எமது பெற்றோற் குழாயின் விலை, தேர்தல் திகதி. மாதமொரு வரி எழுதினாற் போதும். விலை மாறாத மாதத்திலும் வரி எழுதப்படல் வேண்டும். பழைய பத்திரிகைக் கட்டுகள் நூல்நிலைய அலுமாரியில் உள்ளன. 2015 முதல் தொடங்கலாம். கோடிட்ட பெருந்தாளும் முதலாண்டுக்குரிய எண்களும் மலர்க் குழுவினரிடம் ஒப்படைத்துள்ளோம்.